எந்த வீட்டுப் பிழை இது?

நான் தமிழாசிரியை. வீட்டில் தெலுங்கு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஒருமுறை பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர், "அப்புறம் எப்படிங்க தமிழ் எடுத்தீங்க?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான சந்தேகம்தான். ஓசூர்ப் பக்கம் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். பாகலூர், பேரிகை பக்கம் தெலுங்கு. தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம். டவுனில் தமிழும் உருதுவும். மெக்கானிக் ஷெட்டில் ஒரு வண்டிக்குச் சக்கரம் மாட்டி முடிப்பதற்குள் மூன்று மொழி பேசி முடித்திருப்பார்கள். அதை யாரும் திறமையாக நினைப்பதில்லை. திறமையாக நினைக்காததால்தான் அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை.

எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது நாயனாவின் டெம்போவில். எங்கள் வீட்டில் அப்பாவை நாயனா என்போம். கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். விடியற்காலை அத்திப்பள்ளி தாண்டினால் கடைப் பலகையெல்லாம் கன்னடமாகிவிடும். நான் படித்தது தெலுங்கு வழித் தொடக்கப்பள்ளி. தெலுங்கு எழுத்து தெரிந்தால் கன்னடப் பலகையை முக்கால்வாசி படித்துவிடலாம், எழுத்தின் மேல் போடும் தலைக்கட்டு மட்டும் கொஞ்சம் மாறும். மண்டியில் நாயனா பேரம் பேசும்போது பெட்டிகளின் மேல் உட்கார்ந்து எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆறு, ஏளு, எண்டு, ஒம்பத்து. அதுவரைக்கும் தமிழுக்குப் பக்கத்து வீடு போலவே வரும். பத்தாவது பெட்டியில் மட்டும் 'ஹத்து'.

ஏன் பத்து மட்டும் இப்படி என்று நாயனாவைக் கேட்டேன். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். அது பதிலில்லை என்று எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மனதுக்குள் தேடினேன். பால், ஹாலு. புலி, ஹுலி. பூ, ஹூவு. பாம்பு, ஹாவு. பன்றி, ஹந்தி. பல், ஹல்லு. பத்து மட்டும் இல்லை, எல்லா 'ப'வும் அங்கே போய் 'ஹ' ஆகியிருக்கிறது! தெலுங்கிலோ பாலு, புலி, பூவு, பாமு, பந்தி என்று தமிழோடு சேர்ந்து நிற்கிறது. அந்த வயதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்துக்கு அளவில்லை. எனக்குத் தெரியாத கன்னடச் சொல்லை நானே செய்துவிட முடிகிறதே. பழசு என்றால் ஹளசோ, ஹளெயோ, அந்த மாதிரி ஏதோ வரும் என்று ஊகித்து, மார்க்கெட்டில் சாக்குத் தைக்கும் அஜ்ஜியிடம் கேட்டால், "ஹளேது" என்பார். கிட்டத்தட்ட.

அப்புறம் பிடிகொடுக்காத சொற்களும் வந்தன. பூஜை அங்கே ஹூஜெ ஆகவில்லை, பூஜெ என்றே இருந்தது. பாவம், பாப என்றுதான் இருந்தது. என் விதி உடைந்துவிட்டது என்று அப்போது வருத்தம். உடையவில்லை, இவை சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொற்கள், இவற்றுக்கு வேறு கணக்கு என்று புரிய எனக்குக் கல்லூரி வரை ஆயிற்று.

ஆறாம் வகுப்பில் தமிழ் வழிப் பள்ளிக்கு மாறினேன். அதற்கு முன்பும் தமிழ்ப் பாடம் இருந்தது, ஆனால் ஊறுகாய் அளவுக்குத்தான். இங்கே திடீரென்று எல்லாப் பாடமும் தமிழில். முதல் கட்டுரையில் "அக்கா வந்தது, அம்மா சொன்னது, பாட்டி அழுதது" என்று பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். தமிழ் ஐயா வகுப்பில் படித்துக் காட்டவில்லை, சுழிக்கவும் இல்லை. மதியம் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க வீட்ல அக்கா வந்தான்னு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார்.

"அக்க ஒச்சிந்தி, ஐயா."

"மாடு வந்தா?"

"ஒச்சிந்தி."

"அண்ணன் வந்தா?"

"ஒச்சினாடு."

அவர் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். தமிழில் கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணனும் அக்காவும், அந்தப் பக்கம் மாடு. தெலுங்கில் இந்தப் பக்கம் அண்ணன் மட்டும், அந்தப் பக்கம் அக்காவும் மாடும். "கோடு எங்க விழுதுங்கறதுதான் வித்தியாசம். உனக்குத் தமிழ் தெரியலைன்னு இல்ல, நீ தெலுங்குக் கோட்டைத் தமிழ்ல போட்டிருக்க" என்றார். எனக்கு அக்காவை மாட்டோடு நிறுத்திவிட்டார்களே என்று கோபம்கூட வந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிழை வரவில்லை. (தமிழ் வீடுகளிலும் "அம்மா சொல்லுச்சு" என்று பேசுகிறார்கள்தான். பேச்சில் போகட்டும், எழுத்தில் விடமாட்டார்கள்.)

டீச்சர் ஆகவேண்டும் என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டால், சொல்ல ஒரு நாள் கிடையாது. ஆனால் அந்தக் கரும்பலகைக் கோடு இல்லாமல் பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பம் போட்டிருக்க மாட்டேன். வீட்டில் பி.காம். படிக்கச் சொன்னார்கள். பெரியம்மா மட்டும், "தெலுங்குப் பிள்ள தமிழ் சொல்லிக்கொடுத்தா எவன் கேப்பான்" என்று கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

எம்.ஏ.வில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் ஒரு தாள். மற்றவர்களுக்கு அது மனப்பாடத் தாள். எனக்கோ டெம்போவில் கண்டுபிடித்ததையெல்லாம் யாரோ கால்டுவெல் என்பவர் 1856இலேயே அச்சுப்போட்டுவிட்டார் என்று தெரிந்தபோது உள்ளூர ஒரு பொறாமை. பிறகு அவருக்கும் முன்னால் எல்லிஸ் என்று ஒருவர் இருந்தார் என்று படித்தேன். சென்னையில் கலெக்டராக இருந்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று 1816இல் சான்றுகளோடு எழுதியிருக்கிறார். அது வெளிவந்த இடம்தான் எனக்கு இனித்தது. தனி நூலாக வரவில்லை, காம்பெல் என்பவர் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னால் சேர்த்து அச்சிடப்பட்டது. இந்த விவகாரமே ஒரு தெலுங்குப் புத்தகத்தில்தான் தொடங்கியிருக்கிறது. பெரியம்மாவிடம் சொல்ல ஆசை. சொன்னால் புரியாது.

பத்து ஹத்து ஆனதற்கும் அங்கேதான் விடை. பழைய கன்னடத்தில் 'ப'தான் இருந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுப் பம்பனின் காவியத்தில்கூட ப. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஹ ஆகிறது. இன்னொன்றும் கிடைத்தது. தமிழ் 'ச'வுக்கு, அடுத்து இ, எ வரும் இடங்களில், கன்னடத்தில் 'க' நிற்கும். செவி, கிவி. சிறிது, கிறிது. செம்மை, கெம்பு. இதில் மாறியது நாம்தான், கன்னடம் பழசை வைத்திருக்கிறது. அன்றிலிருந்து பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்த ஊரை நிறுவிய கெம்பேகௌடாவின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் 'செம்' என்றுதான் கேட்கும். தமிழ்தான் எல்லாவற்றிலும் பழசைக் காப்பாற்றியது என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்த ஒரு செவியைக் காட்டலாம். காட்டினால் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

பி.எட்., தேர்வு, காத்திருப்பு, அதெல்லாம் எல்லா ஆசிரியர்களின் கதைதான், விட்டுவிடுகிறேன். நடுநிலைப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. 6 முதல் 8 வரை தமிழ். தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்கும் சட்டம் 2006இல் வந்திருந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. எங்கள் பகுதியில் தெலுங்கு வழி, கன்னட வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே அதை ஒட்டி எவ்வளவு சத்தம், எத்தனை வழக்கு என்று ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். நான் அதில் இரண்டு பக்கமும் இருந்தவள். தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அவ்வா (பாட்டி) பேசும் மொழி எழுத்தில் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வதும் எனக்குப் பிடிக்காது. என் மகனுக்குத் தெலுங்கு எழுத்தை நானே ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன், திட்டு வாங்கிக்கொண்டே.

தெலுங்குப் பிள்ளைகளையும் கன்னடப் பிள்ளைகளையும் சமாளிக்க என் பழைய கையிருப்பு போதும். ஆட்டம் மாறியது பூப்பண்ணைகளால். ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்கள் பெருகிவிட்டன. ரோஜா, கார்னேஷன், ஜெர்பெரா. பிப்ரவரி 14க்கு முந்தைய வாரங்களில் பெட்டி பெட்டியாக வெளிநாடு போகும் ரோஜாவை வெட்டுகிறவர்களில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கத்துக் குடும்பங்கள். கம்பெனிகளுக்கு வரும் பீகார், உத்தரப்பிரதேசக் குடும்பங்கள் வேறு. பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அதாவது, ஊரில் ஒடியாவில் ஐந்தாவது வரை படித்து, இரண்டு வருடம் எங்கும் போகாமல் இருந்த பையன் நேராக ஏழாம் வகுப்பில் வந்து உட்காருவான். அ, ஆ தெரியாது. பாடப்புத்தகத்தில் செய்யுள் இருக்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது அதன் பயிற்சி நூல்களை வாங்கிப் பார்த்தேன். நல்ல நூல்கள், ஆனால் சின்ன வகுப்புகளுக்கானவை. மீசை அரும்பும் பையன் கையில் 'அரும்பு' நிலை நூலைக் கொடுத்தால் அவன் மறுநாள் வரமாட்டான். அதனால் முதல் சொற்களை அவர்கள் வீட்டிலிருந்தே எடுக்கிறேன். பூ, வாளி, பெட்டி, மருந்து, சம்பளம். சம்பளம் என்று எழுதக் கற்றுக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கொட்டாவி விட்டதில்லை.

ஒடியாப் பையன் ஒருவன், கூப்பிட வசதியாகச் சுரேஷ் என்று வைத்துக்கொள்வோம், 'பல்' என்று எழுதிக் காட்டினால் 'பொல்' என்று படிப்பான். 'கல்', 'கொல்'. வகுப்பு சிரிக்கும். முதல் வாரம் எனக்கும் விளங்கவில்லை. காதில்தான் கோளாறோ என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ராத்திரி செல்போனில் ஒடியா எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு, வீடியோவில் ஒரு டீச்சர் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒடியாவில் மெய்யெழுத்துக்குள்ளேயே இருக்கும் உயிர் நம் 'அ' இல்லை. 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவில் ஒன்று. 'க' என்று எழுதியிருந்தால் அவர்கள் வாய் 'கொ' என்றுதான் போகும். அவன் காது சரி, வாயும் சரி. மறுநாள் அவனிடம் ஒடியா 'க'வை எழுதிக் காட்டி, பக்கத்தில் தமிழ் 'கொ' எழுதினேன். கீழே ஒடியா 'கா'வை எழுதி, அதைப் பாதியாக வெட்டிச் சொல்வது போல் சொல்லிக் காட்டி, பக்கத்தில் தமிழ் 'க'. அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் எழுதிய ஒடியாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாக்பீஸை வாங்கி, என் 'க'வின் மேல் வளைவைத் திருத்திப் போட்டான். சரியாகத்தான் திருத்தினான்.

அடுத்து அவன் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "எந்தக் க, மிஸ்?" ஒடியாவில் அந்த வரிசையில் ஐந்து எழுத்து. நமக்கு இரண்டே, கவும் ஙவும். பக்கம், பங்கு, பகல் மூன்றையும் வரிசையாக எழுதி வகுப்பு முழுவதையும் சொல்லச் சொன்னேன். ஒரே எழுத்து, மூன்று ஒலி. தமிழ்ப் பிள்ளைகள் இதைக் கவனித்ததே இல்லை! தாங்களே சொல்லிச் சொல்லிப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இரட்டித்தால் அழுத்தம், ங-வுக்குப் பின்னால் வந்தால் மென்மை, தனியாக நடுவில் வந்தால் காற்று. எழுத்துக் குறைவு, அதனால் இடம் பார்த்துப் படிக்க வேண்டும். அன்றைக்குச் சுரேஷால் வகுப்புக்கே ஒலியியல் பாடம் நடந்தது. கணபதி, கங்கை மாதிரிச் சொற்களை என்ன செய்வது என்று முன் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழி இல்லை என்றேன்.

இப்படி ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. ஒடியாவில் வினைச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது, ஆகவே "அம்மா வந்தான்". உத்தரப்பிரதேசத்துப் பெண் ஒருத்தி "பஸ் வந்தாள்" என்று எழுதினாள். திருத்திக்கொண்டிருந்த இன்னொரு ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அவருக்கு அது நகைச்சுவை. இந்தியில் பஸ் பெண்பால், அந்தப் பிள்ளை எழுதியது இலக்கணம் தவறாத வாக்கியம், வேறொரு மொழியின் இலக்கணம், அவ்வளவுதான். மதிப்பெண் குறைக்க வேண்டுமா என்றால், குறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவதற்கும், "உங்க ஊர்ல பஸ் பொண்ணு, இங்க அது வெறும் பஸ்" என்று சொல்லிவிட்டுச் சுழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் அது எந்த மொழியிலிருந்து வருகிறது, ஏன். ள, ண ஒடியாப் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை, அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. இந்திப் பிள்ளைகளுக்கு ள வராது. ழ யாருக்கும் வராது, உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து. அந்த விஷயத்தில் ஓசூரில் எல்லோரும் சமம்.

காரணம் தெரியாத பிழை வந்தால் எனக்கு அன்று தூக்கம் கெடும். நல்ல தூக்கக்கேடுதான். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியை இப்போது இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். நான் படித்த காலத்தில் அது நூலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. ஆனால் அதில் திராவிட மொழிகள் மட்டும்தான். என் வகுப்போ அதைத் தாண்டிப் போய்விட்டது.

இந்த ஆண்டு ஜார்க்கண்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். இந்தி கொஞ்சம் தெரிந்ததால் எல்லோரும் இந்திப் பிள்ளை என்றே பதிந்துவிட்டார்கள். நாம், நாங்கள் பாடம் நடத்தும்போதுதான் எனக்குத் தட்டியது. இந்திக்காரப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் மாதக்கணக்காகும். கேட்கிறவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். அவர்கள் மொழியில் அந்தப் பிரிவு கிடையாது. கன்னடப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடறும், இன்றைய கன்னடத்தில் இரண்டுக்கும் நாவு ஒன்றுதான். தெலுங்குப் பிள்ளைகளுக்கு மனம், மேமு இருப்பதால் பிரச்சினை இல்லை. இந்தப் பெண்ணோ ஒரே தடவை கேட்டுவிட்டு எல்லா வாக்கியத்தையும் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "சந்தாலி" என்றாள்.

சந்தாலி இந்திக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை, முண்டா மொழிகளில் ஒன்று. 2003இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்த்தார்கள். ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி என்ற தனி எழுத்தும் அதற்கு உண்டு. நாம், நாங்கள் பிரிவு அதில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை, இருவருக்கு மட்டுமென்று தனிச் சொல்லும் இருக்கிறது, நீயும் நானும் என்றால் ஒன்று, அவனும் நானும் என்றால் இன்னொன்று. அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "மிஸ், ரெண்டு பேரு மட்டும்னா?" என்று கேட்டாள். தமிழில் அதற்குத் தனிச் சொல் இல்லை, 'நாம் இருவரும்' என்று எழுது என்றேன். எழுதிக்கொண்டாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் தமிழ் இன்னும் கொஞ்சம் பாடுபட்டிருக்கலாம் என்பது போலிருந்தது.

இப்போது இரவில் ஓல் சிக்கி எழுதிப் பழகுகிறேன். வீடியோவைப் பார்த்துத்தான், மெதுவாகப் போகிறது. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது சந்தாலித் தொடக்க வாசிப்பு நூல் இருந்தால், அல்லது ஒரு வாரம் மாலையில் பேசச் சம்மதிக்கும் சந்தாலிக்காரர் ஓசூர்ப் பக்கம் இருந்தால், தெரியப்படுத்துங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் என்றால் உபகாரமாக இருக்கும். அவளுடைய கட்டுரையில் மூன்று பிழைகளுக்கு எனக்கு இன்னும் காரணம் தெரியவில்லை.